ஒரே பேரில் ஆறு பூச்சி

போன மாசி மாதம், வீட்டுக்குப் பின்னால் உள்ள கொல்லையில் கரும்பு வெட்டு முடிந்து சோகையைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு அரிகட்டு சோகையைப் புரட்டினால் அடியிலிருந்து கறுப்பும் பழுப்புமாகப் பூச்சிகள் சிதறி ஓடும். அக்கா பையன் பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். பதினொன்று பிடித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, இது என்ன பூச்சி?"

"சில்வண்டுடா."

"இது?"

"அதுவும் சில்வண்டுதான்."

"இது பிரவுனா இருக்கே? மூஞ்சி வேற சப்பையா இருக்கு."

"பிரவுன் சில்வண்டு. சப்பைச் சில்வண்டு. போடா."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பார்த்த பார்வை இருக்கிறதே! நெல்லிக்குப்பத்தில் பிறந்து நாற்பத்தோரு வருஷமாக ராத்திரி முழுக்க இந்தச் சத்தத்துக்குள்ளேயே தூங்குகிறவனுக்கு இரண்டாவதாக ஒரு பெயர் தெரியவில்லையா என்று கேட்ட பார்வை அது. இந்தப் பதிவு அந்தப் பார்வையால் வந்தது.

பெயர் தெரியாமல் போனது நம் மொழியின் குற்றம் இல்லை. எங்கள் ஆயா மூன்று பெயர் வைத்திருந்தது. அடுப்படிச் சுவர் இடுக்கில் கத்துவது சுவர்க்கோழி. கொல்லையில் கத்துவது சில்வண்டு. ஈர மண்ணைக் குடைந்துகொண்டு வருவது பிள்ளைப்பூச்சி. இதில் சில்வண்டு என்ற பெயருக்குள் இன்னொரு குழப்பமும் உண்டு. பட்டப்பகலில் மரத்தில் ஒட்டிக்கொண்டு காது கிழியக் கத்துகிறதே, அதையும் சில்வண்டு என்றுதான் சொல்கிறோம். அது வேறு குடும்பம். தாவரச் சாற்றை உறிஞ்சுகிற, மூட்டைப்பூச்சிக்குத் தூரத்துச் சொந்தமான பிராணி. அகநானூற்றிலும் நற்றிணையிலும் வருகிற 'சிள்வீடு' எதுவென்று உரைகாரர்கள் எழுதியதைப் படித்தால் அங்கேயும் இதே குழப்பம்தான். எனக்கென்னவோ பாலை வெயிலில் மரத்தில் இருந்து ஒலிப்பது பகல் பூச்சியாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. நான் சொல்லப்போவது ராத்திரிப் பூச்சியைப் பற்றி.

முதலில் வெட்டுக்கிளியைக் கழித்துவிடுவோம். மீசை குட்டையாக இருந்தால் வெட்டுக்கிளி. உடம்பை விட நீளமாக நூல் மாதிரி ஆடினால் நம்ம ஆள். வெட்டுக்கிளிக்குக் காது வயிற்றின் ஓரத்தில். இதற்கு முன்னங்கால் முட்டிக்குக் கீழே. ஆமாம், காலில்தான் காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் சின்னதாக ஒரு வெள்ளைச் சவ்வு தெரியும். பின்னால் ஊசி மாதிரி நீட்டிக்கொண்டிருந்தால் பெண். அது கொடுக்கு இல்லை, மண்ணில் முட்டை வைக்கிற குழாய். ஊசி இல்லாமல், இறக்கையில் கோலம் போட்ட மாதிரி வளைவு வளைவாக நரம்பு ஓடினால் ஆண். கத்துவது ஆண் மட்டும்தான். வாயால் இல்லை, வலது இறக்கையின் அடியில் ரம்பம் மாதிரி ஒரு நரம்பு, இடது இறக்கையில் ஒரு விளிம்பு, இரண்டையும் உரசுகிறது.

இவ்வளவையும் ஒரே ராத்திரியில் படித்துவிட்டு, மறுநாள் காலையில் பாட்டிலை வெளிச்சத்தில் வைத்து எல்லாவற்றுக்கும் பெயர் சூட்டிவிடலாம் என்று உட்கார்ந்தேன். பதினொன்றில் எட்டுக்கு இறக்கையே இல்லை. தோளில் சின்னதாக இரண்டு மொட்டு. அதாவது குஞ்சுகள். இந்தப் பூச்சிக்குப் பட்டாம்பூச்சி மாதிரி கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வரும்போதே அப்பன் சாயலில் குட்டியாக வரும். எட்டுத் தடவையோ அதற்கு மேலுமோ தோலுரித்துத்தான் பெரிதாகும். கடைசித் தோல் கழன்றால்தான் இறக்கை. புத்தகம் சொல்லும் அடையாளத்தில் பாதி இறக்கையில் இருக்கிறது, மீதி அது பாடுகிற பாட்டில் இருக்கிறது. பாட்டுக்கும் இறக்கைதான் வேண்டும். ஆக, இது யார் என்று தெரிய வேண்டுமென்றால் இது பெரிதாகும் வரை சோறு போட வேண்டும். வேறு வழி இல்லை.

அப்படித்தான் வளர்ப்பு தொடங்கியது.

முதல் வீடு, துணி ஊறவைக்கிற பிளாஸ்டிக் டப். வழுவழு சுவரில் இவை ஏறாது என்று எங்கேயோ படித்தது உண்மைதான். ஆனால் தாண்டும். மேலே கொசுவலையைக் கட்டினேன். மூன்றாம் நாள் வலையில் பொத்தலாகப் பொத்தல், கடித்தே தின்றிருந்தன. அன்று ராத்திரி சமையலறையிலிருந்து, பிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து, என் தலையணைக்கு ரெண்டடி தள்ளி இருந்த ஸ்டூலுக்கு அடியிலிருந்து கச்சேரி. அம்மா விளக்கைப் போட்டு, "ஊர்ல எல்லாரும் மாடு வளக்குறான், ஆடு வளக்குறான். இவன் சில்வண்டு வளக்குறான். யார்கிட்டயும் சொல்லிடாத" என்றார். அடுத்த நாளே இரும்புச் சல்லடை வலை வாங்கினேன்.

அதன் பிறகு எறும்பு. தோலுரித்த புதிதில் பூச்சி வெள்ளை வெளேரென்று, வெந்த சாதம் மாதிரி மெத்தென்று இருக்கும். ஒரு மணி நேரம் போனால்தான் உடம்பு இறுகிக் கறுக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கட்டெறும்பு காத்திருக்கிறது. எறும்பு இல்லாவிட்டால் கூட இருக்கிற பங்காளிகளே கடித்துத் தின்றுவிடும். டப்பை ஒரு முக்காலி மேல் வைத்து, முக்காலிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். மீன் குழம்புச் சட்டிக்கு ஆயா செய்ததுதான். பங்காளிச் சண்டைக்கு மருந்து முட்டை அட்டை. மளிகைக் கடையில் சும்மா தருவார்கள். அதை நெட்டுக்குத்தாக நாலைந்து அடுக்கினால் ஆளுக்கொரு குழி, ஆளுக்கொரு திண்ணை.

சாப்பாடு கோழித் தீவனம், கூடவே ஒரு பூசணிக்காய்த் துண்டு. தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குஞ்சுகள் மூழ்கிச் செத்துப்போகும். ஈரப் பஞ்சு போதும். ஒருமுறை சந்தையில் வாங்கிய கொத்தமல்லியைக் கழுவாமல் போட்டேன். விடிந்து பார்த்தால் ஒரு டப் முழுக்க மல்லாந்து கிடந்தது. கீரையில் என்ன மருந்து அடித்திருந்தார்களோ. அதே கட்டில் மிச்சம் இருந்த கொத்தமல்லி அன்றைக்கு எங்கள் ரசத்தில் மிதந்தது.

ஆறாவது வாரத்தில் ஒருத்தன் கடைசித் தோலை உரித்தான். கன்னங்கரேலென்று, கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர். இறக்கை தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் மஞ்சளாக ஒவ்வொரு பொட்டு. அக்கா பையன் கத்தியே விட்டான். இதற்குப் பெயர் தேட வேண்டியதில்லை. கிரில்லஸ் பைமாகுலேட்டஸ், அதாவது இருபொட்டுக்காரன். 1773-இல் டி கீர் என்ற சுவீடன்காரர் வைத்த பெயர். ஆப்பிரிக்காவிலிருந்து தென் ஐரோப்பா, ஆசியா வரை பரவிக் கிடக்கிறது. தாய்லாந்தில் இதைப் பண்ணை போட்டு வளர்த்து எண்ணெயில் பொரித்துத் தின்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர் 'கறுப்புத் தங்கம்' என்ற பொருளில் வருகிறது. எங்கள் ஊர் 1842-இலிருந்து சர்க்கரை ஆலை ஓடுகிற ஊர். சுற்றி எங்கே திரும்பினாலும் கரும்பு. கரும்பு இருந்தால் சோகை. சோகைக்கு அடியில் எப்போதும் ஒரு ஈரம், இருட்டு. இந்தக் கறுப்புத் தங்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

பழுப்பு ஆட்கள்தான் படுத்தியெடுத்தார்கள். கண்ணுக்கு மேலே புருவம் தீட்டின மாதிரி வெளிர்நிறக் கோடு இருந்தது. டெலியோகிரில்லஸ் என்ற பேரினம் என்பது வரைக்கும் தெரிந்தது. அதற்குள் மைட்ரேட்டஸா, ஆக்சிபிடாலிஸா என்று கேட்டால், ஆணின் பிறப்புறுப்பை அறுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இந்தியச் சுவர்க்கோழிகளுக்கு இன்றைக்கும் ஆதாரமாக இருப்பது லூசியான் ஷோபார் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி 1969-இல் வந்த தொகுதி. அவர் செத்த பூச்சியை ஊசியில் குத்தி வைத்துப் பார்த்த ஆள். நான் உயிரோடு வைத்துச் சோறு போடுகிற ஆள். என் டப்பில் "டெலியோ – புருவம்" என்று மட்டும் எழுதி ஒட்டியிருக்கிறேன். தெரிந்த வரைக்கும் பெயர் வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. போட்டோ ஒன்றைப் போட்டு முழுப் பெயரையும் அடித்துச் சொல்கிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

சப்பை மூஞ்சிக்காரன் லாக்சோபிளெம்மஸ். ஆணுக்கு மட்டும் முகம் கத்தியால் சீவின மாதிரி தட்டையாகச் சரிந்திருக்கும். பெண்ணுக்கு அவ்வளவு இல்லை. முகத்தை வைத்தே ஆள் தெரிந்துவிடுவதால் இவன் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

இதற்கிடையில் அம்மாவே ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். "உன் கூட்டத்துலேர்ந்து தப்பிச்சது" என்று டம்ளரைக் கவிழ்த்தார். பார்த்தால் என் கூட்டமே இல்லை. வைக்கோல் நிறம், உடம்பில் கறுப்புப் பட்டை, இறக்கை பாதி முதுகுக்குத்தான் வருகிறது. பெண்ணுக்கு இறக்கை இருக்கிறது என்று சொல்வதே மிகை. இதுதான் ஆயா சொன்ன அசல் சுவர்க்கோழி, கிரில்லோடெஸ் சிஜில்லாட்டஸ். நான் வளர்க்கத் தொடங்குவதற்குப் பல தலைமுறை முன்பே எங்கள் அடுப்படியில் வாடகை தராமல் குடியிருந்தது. இதன் கல்யாணம் வேடிக்கையானது. ஆண் தன் விந்துப் பையோடு ஜெல்லி மாதிரி ஒரு உருண்டையையும் சேர்த்துப் பெண்ணிடம் ஒட்டிவிடும். பெண் அந்த உருண்டையை முதலில் மென்று தின்னும். தின்று முடித்துவிட்டு விந்துப் பையையும் பிய்த்துத் தின்றுவிடும். தின்கிற நேரம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு விந்து உள்ளே போகும். மாப்பிள்ளை வீட்டுச் சீர் பெரிதாக இருந்தால்தான் வம்சம்.

அடுப்படிச் சுவர்க்கோழிக்கு வெளியூரில் கிராக்கி வந்த கதையும் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஓணான், பல்லி வளர்ப்பவர்களுக்குத் தீனியாக அக்கீட்டா டொமெஸ்டிகஸ் என்ற வேறொரு வீட்டுச் சுவர்க்கோழியைப் பண்ணைகளில் லட்சக்கணக்கில் வளர்த்தார்கள். அதைத் தாக்குகிற ஒரு டென்சோ வைரஸ் 2010 வாக்கில் வட அமெரிக்கப் பண்ணைகளைத் துடைத்து எடுத்துவிட்டது. பிறகு பல பண்ணைகள் அந்த வைரசுக்கு மசியாத நம் பட்டைக்காரனிடமும் இருபொட்டுக்காரனிடமும் வந்து சேர்ந்தன. இதைப் படித்த பிறகு நான் ஒரு டப்பில் கை விட்டால் அடுத்த டப்பில் விடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். ஒரு டப்புக்கு ஒரு வகைதான். கலந்து வைத்தால் பெரியது சின்னதைத் தின்னும், பாட்டும் குழம்பிப்போகும்.

பாட்டுக்கு வருகிறேன். எனக்கு இதில்தான் பைத்தியம் பிடித்தது.

இருபொட்டுக்காரனின் பாட்டு கிரீ... கிரீ... கிரீ என்று இடைவெளி விட்டு வரும். ஒவ்வொரு கிரீயும் உண்மையில் மூன்று நான்கு துண்டு; போனில் பதிவு பண்ணி மெதுவாக ஓடவிட்டால் தனித்தனியாகக் கேட்கும். பெண் பக்கத்தில் வந்துவிட்டால் இந்தப் பாட்டை நிறுத்திவிட்டு ரகசியம் பேசுகிற மாதிரி வேறொன்றைப் பாடும். இன்னொரு ஆண் வந்தால் அதட்டலாக மூன்றாவது ஒன்று. பாட்டை வைத்து என் டப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்ல ஒன்றரை மாதம் ஆயிற்று. அக்கா பையன் மூன்று நாளில் சொல்லிவிட்டான்.

காதால் வகை பிரிப்பது ஏதோ பொழுதுபோக்கு வேலை என்று நினைத்துவிடாதீர்கள். 1915-இல் ரென், ஹெபார்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் அருங்காட்சியகப் பூச்சிகளை எல்லாம் பார்த்துவிட்டு, அமெரிக்கக் கண்டத்தின் வயல் சுவர்க்கோழிகள் அத்தனையும் ஒரே இனம்தான் என்று எழுதிவிட்டார்கள். 'பிரவுன் சில்வண்டு, சப்பைச் சில்வண்டு' என்று நான் சொன்னேனே, அதே தீர்ப்புதான். வட கரோலினாவில் ஃபுல்டன் என்பவருக்குக் காது வேறு மாதிரி சொன்னது. அவர் உயிரோடு பிடித்து, வளர்த்து, ஒன்றோடு ஒன்றை இணை சேர்க்கவும் பார்த்தார். சேரவில்லை. ஒரே இனம் என்று சொன்னதற்குள் அவர் ஊரில் மட்டுமே நான்கு இருந்தன. 1952-இல் அதை எழுதினார். ஐந்து வருஷம் கழித்து ரிச்சர்டு அலெக்சாண்டர் அதே வழியில் இன்னும் பிரித்தார். ஊசியில் குத்தியவர்களுக்குத் தெரியாதது சோறு போட்டவருக்குத் தெரிந்தது என்று நான் சொன்னால் ஷோபாரின் ஆவி கோபித்துக்கொள்ளும். ஆனால் நடந்தது அதுதான்.

இன்னொரு அமெரிக்கர், டால்பியர் என்ற இயற்பியல்காரர், 1897-இல் இந்தப் பூச்சியை வெப்பமானியாக்கினார். நிமிஷத்துக்கு எத்தனை தடவை கத்துகிறது என்று எண்ணி, 40-ஐக் கழித்து, 4-ஆல் வகுத்து, 50-ஐக் கூட்டினால் பாரன்ஹீட்டில் வெப்பம். ஒரு சித்திரை ராத்திரி இருபொட்டுக்காரனை எண்ணினோம். 180. கணக்குப் போட்டால் 85 பாரன்ஹீட், கிட்டத்தட்ட 29 டிகிரி செல்சியஸ். சுவரில் தொங்கிய வெப்பமானியும் பக்கத்தில்தான் காட்டியது. குதித்தோம். உடனே அடுப்படிச் சுவர்க்கோழியை எண்ண உட்கார்ந்தோம். அது அடித்த வேகத்தில் எண்ணவே முடியவில்லை. அந்தக் கணக்கின்படி எங்கள் அடுப்படியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வகைக்கும் தாளம் வேறு. டால்பியர் எந்தப் பூச்சியை எண்ணினார் என்று தன் கட்டுரையில் எழுதாமல் விட்டுவிட்டார். பெயர் முக்கியம்டா என்று மருமகனிடம் சொன்னேன். "அதத்தானே மாமா நான் அன்னைக்குக் கேட்டேன்" என்றான்.

பிள்ளைப்பூச்சியில் நான் தோற்றேன். ஐப்பசி மழை பிடித்ததும் வாசல் விளக்குக்கு அதுவே பறந்து வந்து விழுந்தது. சாதுவான ஆளைப் பிள்ளைப்பூச்சி என்கிறோம். பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைச்சாப்ல என்று கேலி வேறு. ஒரு தடவை அதைக் கைக்குள் மூடிப் பாருங்கள். முன்னங்கால் இரண்டும் மண்வெட்டி. விரல் இடுக்கில் அதை நுழைத்துப் பிளந்துகொண்டு வெளியே வரும் பலம் இருக்கிறதே, கொடுக்கு என்னத்துக்கு? போதாததற்குப் பின்புறத்திலிருந்து நாறுகிற பிசினையும் பீய்ச்சும். ஒரு பக்கெட் நிறைய வண்டல் மண் போட்டு விட்டேன். உள்ளே போனது போனதுதான். பத்து நாள் மண்ணுக்குள்ளிருந்து மோட்டார் ஓடுகிற மாதிரி இடைவிடாத ர்ர்ர் மட்டும் கேட்டது. இது பாடுவதற்கென்றே வளையின் வாயை ஊதுகுழல் மாதிரி விரித்துக் கட்டும். 1970-இல் பென்னட்-கிளார்க் என்ற பிரிட்டிஷ் விலங்கியலாளர் பிரான்ஸில் ஒரு வகைப் பிள்ளைப்பூச்சியின் வளையை அளந்து பார்த்தார். அந்தச் சத்தம் அமைதியான ராத்திரியில் 600 மீட்டர் தூரம் கேட்டதாம். என் பக்கெட்டில் அது கட்டியதைப் பார்க்கலாம் என்று தோண்டினேன். தோண்டியதில் வளை இடிந்தது, பூச்சியும் நசுங்கியது. இனிமேல் பிள்ளைப்பூச்சியை வாசலோடு விட்டுவிடுவது என்று முடிவு.

பிடிக்கவே முடியாத ஒருத்தன் இருக்கிறான். கெடிலம் ஆற்றுக்குத் தெற்கே கேப்பர் மலைப் பக்கம், செம்மண் நிலத்தில், சவுக்கு நாற்றங்காலுக்குப் பக்கத்தில் பொழுது சாயும் நேரம் கேட்டது. மற்றவை கொலுசு என்றால் இது சைரன். டார்பின்ஸ்கியெல்லஸ் போர்டென்டோசஸ், அந்தப் பெரிய வளைப்பூச்சி என்றுதான் நினைக்கிறேன். நாலைந்து சென்டிமீட்டர் வளரும், ராத்திரியில் வெளியே வந்து இளம் நாற்றை அறுத்து வளைக்குள் இழுத்துக்கொண்டு போகும். நாகாலாந்தில் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். நான் பத்தடி நெருங்கினால் சத்தம் நிற்கிறது. உட்கார்ந்தால் கால் மணி நேரம் கழித்துத் தொடங்குகிறது. எழுந்தால் நிற்கிறது. அதன் காது காலில் இருக்கிறது என்பதை மறந்துவிட்டுச் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். கழற்றியும் பயனில்லை. முள்தான் குத்தியது.

மரச் சுவர்க்கோழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரோகிணி பாலகிருஷ்ணன் குழுவினர் பல வருஷமாக இவற்றின் பாட்டை ஆராய்கிறார்கள். வெளிர்பச்சையில் மெலிந்த ஈகாந்தஸ் ஹென்றி என்ற பூச்சி, இலையில் தன் அளவுக்கு ஒரு ஓட்டை போட்டு, அந்த ஓட்டையில் உடம்பை வைத்துக்கொண்டு பாடுமாம். இலையே ஒலிபெருக்கி. சத்தம் குறைந்த, உடம்பு சின்ன ஆண்கள்தான் இந்த வேலையை அதிகம் செய்கின்றன என்று 2020-இல் எழுதினார்கள். அதிலிருந்து வேலியோரச் செடியில் ஓட்டை விழுந்த இலையைப் பார்த்தால் குனிந்துவிடுகிறேன். இதுவரை கிடைத்ததெல்லாம் கம்பளிப்பூச்சி தின்ற ஓட்டை.

வளர்த்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு: முட்டைக்குத் தேங்காய் நார்க்கழிவை நனைத்துப் பிழிந்து, ஒரு தயிர் டப்பாவில் இரண்டு அங்குல உயரத்துக்கு நிரப்பி உள்ளே வையுங்கள். பெண் அதில் ஊசியை இறக்கும். ஓரத்தில் வெள்ளையாக, சீரகத்தில் பாதி நீளத்துக்கு முட்டைகள் தெரியும். நாலு நாளில் டப்பாவை எடுத்துத் தனியாக மூடி வைத்துவிடுங்கள்; விட்டால் பெற்றவளே தோண்டித் தின்றுவிடுவாள். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதுவும் வேண்டாம், 30 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நாளில் பொரிக்கும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு விளக்கெல்லாம் போட்டுத் திண்டாடுகிறார்கள். நமக்குத் திண்டாட்டம் மழைக்காலம்தான்: மூடி வைத்தால் பூஞ்சை, திறந்து வைத்தால் எறும்பு. பிடித்த இடத்தை மறக்காமல் எழுதி வையுங்கள், மிஞ்சினால் அங்கேயே கொண்டுபோய் விடுங்கள். கடையில் வாங்கிய பூச்சியை மட்டும் வெளியே விடாதீர்கள்.

இப்போது முக்காலி மேல் நாலு டப் இருக்கிறது. மூன்றுக்குப் பெயர் ஒட்டியாயிற்று. நாலாவதில் போன மாதம் திருக்கண்டேசுவரம் வாய்க்கால் கரையில் கிடைத்த ஐந்து குஞ்சுகள். காலில் வளையம் வளையமாகக் கோடு, தலையில் புருவம் இல்லை, முகம் சப்பையும் இல்லை. "தெரியாது – 4" என்று அக்கா பையன் எழுதி ஒட்டியிருக்கிறான். நேற்று ராத்திரி அதில் ஒன்று தோலுரித்துவிட்டு உரித்த தோலைத் தானே தின்றுகொண்டிருந்தது. டார்ச் அடித்துத் தோளைப் பார்த்தோம். மொட்டு கொஞ்சம் நீண்டிருக்கிறது.

"இன்னும் எத்தினி தோலு மாமா?"

ரெண்டு இருக்கும் என்றேன். அவன் டப்பின் மேல் ரெண்டு கோடு போட்டுவிட்டுத் தூங்கப் போனான்.